மண் தொடாத மாதங்கள்

எனக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, பல் தேய்க்கும் பிரஷ். ஒரு வாரமாகக் காலையில் துப்பும்போதெல்லாம் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. பிரஷ் முரடாக இருக்கிறது என்று புதிது வாங்கினேன். அதிலும் சிவப்பு. பேஸ்ட்டை மாற்றினேன். முன்கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகத் தடம் விழுந்திருந்தது. வேலை செய்யும் இடத்தில் அண்டா இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாற்பத்தேழு வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். இப்படி மூன்று வாரம் என்னை நானே ஏமாற்றிய கெட்டிக்காரி நான். இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்ய வேண்டாம்.

எழுதச் சொன்னது வார்டு சிஸ்டர். எனக்கு மருந்து நான்கு வாரம் ஏற்றினால் நான்கு வாரம் ஓய்வு விடுவார்கள். இப்போது ஓய்வு. ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வலிக்குமா, எத்தனை நாள், என்ன சாப்பிடலாம். "ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துடுங்க கோமதிம்மா, அவங்களே படிச்சுக்கட்டும்" என்றார் சிஸ்டர். நோயை மட்டும் எழுதலாம் என்று பார்த்தால் செடியும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம், ஜமுக்காளம், மேஜைத் துணி எல்லாம் என் பொறுப்பு. இப்போதெல்லாம் ரிசப்ஷன் என்றால் மேஜைக்கு மேஜை கண்ணாடி ஜாடியில் வாசனை மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் ஊதி அணைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் முப்பது நாற்பது ஜாடி குப்பைக்குப் போகும். கனமான, நல்ல கண்ணாடி. பார்த்தால் வயிறு எரியும். ஒருமுறை மேஜை அலங்காரத்துக்கு வைத்த சக்குலென்ட் செடிகளையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்கள். சக்குலென்ட் என்றால் தடித்த இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி, சோற்றுக் கற்றாழை மாதிரி. ஜாடியையும் செடியையும் ஒரே கோணிப்பையில் போட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

ஜாடியை ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கிவிடும். கவிழ்த்துத் தட்டினால் கட்டியாக விழும். திரியைப் பிடித்திருக்கும் தகர வில்லையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். ஃப்ரீசரில் ஜாடியும் மீனும் ஒன்றாகக் குடித்தனம் செய்தன. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் வசந்தா ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "இன்னா அண்ணி, மீன் கொயம்புல ரோசாப்பூ வாசன வருது" என்றாள். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அந்த மெஷின் சத்தத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் பேச்சு மிகக் குறைவு.

இந்த ஜாடிகளில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றின தண்ணீர் வெளியே போக வழியில்லை. அதனால் அடியில் கூழாங்கல், அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி, அதன்மேல் மணல் கலந்த மண். செடியை நட்டபிறகு பத்து நாளைக்கு ஒருமுறை, இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் ஒரே ஒரு மூடி தண்ணீர். ஆசைப்பட்டு அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

நான் நோயில் விழுந்தபோது மொட்டைமாடிச் சுவரிலும் ஜன்னல் கட்டையிலும் சேர்த்து நாற்பத்து மூன்று ஜாடி இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் தெருவில் சிலர் அவற்றை என் பிள்ளைகள் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. செடி செடிதான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கையை மண்ணுக்குள் விட்டால் அன்றைய தலைவலி இறங்கும். அதற்காக வளர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆவடியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு மணி நேரத்தில் லேப்காரர் போன் செய்தார். மெஷினில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இன்னொருமுறை எடுக்கவேண்டும் என்றார். இரண்டாவது முறையும் அதே கணக்கு வந்தது. மெஷின் சரியாகத்தான் இருந்தது. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எனக்கு அடிமட்டத்துக்குப் போயிருந்தன. "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பைக்ல போவாதீங்க. தலைய எங்கயும் இடிச்சுக்காதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோவை அழைத்து, பின்சீட்டில் என்னை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்தார். டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்பத்தூர் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிச் சாமானைக்கூட மண்டபத்தில் நாங்கள் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனதில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி நோய். டோக்கன் வாங்கக் காத்திருக்க வேண்டும், ரத்தம் எடுக்கக் காத்திருக்க வேண்டும், எடுத்த ரத்தம் என்ன சொல்கிறது என்று தெரியக் காத்திருக்க வேண்டும். அரசு காப்பீட்டு அட்டையில் முத்திரை வாங்கும் வரிசையில் என் வீட்டுக்காரர் நின்ற நேரத்தைச் சேர்த்தால் ஒரு ஷிஃப்ட் வரும். அந்த வரிசை இல்லையென்றால் வீட்டை விற்றிருப்போம்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை என்று ஒன்று. ரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. குப்புறப் படுக்கவைத்து, பின் இடுப்பெலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கிறார்கள். குத்துவது வலிக்காது. உறிஞ்சும் அந்த ஒரு நொடி, காலுக்குள்ளிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். ஒரு நொடிதான். கேட்கிறவர்களுக்கு நான் பொய் சொல்வதில்லை.

மறுநாள் டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் வசந்தாவையும் உட்காரவைத்துச் சொன்னார். "இது ரத்தப் புற்றுநோய்மா. ஆனா இதுல நிறைய வகை இருக்கு. உங்களுக்கு வந்திருக்கிறது மருந்துக்கு நல்லா கட்டுப்படுற வகை. முதல் ரெண்டு மூணு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டிட்டா குணமாகிறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்." கெட்ட அணுக்கள் வளராமல் குழந்தையாகவே நின்றுபோய் ரத்தத்தை அடைத்துக்கொள்ளுமாம். அவற்றை வளரவைத்து வழியனுப்புவதுதான் வைத்தியம். ஒரு மாத்திரை, கூடவே தினமும் நரம்பில் ஏற்றும் ஒரு மருந்து. அந்த மருந்து ஆர்சனிக்.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் ரசாயனப் பேரெல்லாம் பழக்கம். "பாஷாணமா டாக்டர்?" என்றார்.

"ஆமா. அளவோட கொடுத்தா மருந்து."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பயந்தேன் என்று சொன்னால் போதாது. ஆனால் அழவில்லை.

அழுதது அதற்கப்புறம். என்னைத் தனி அறையில் சேர்த்தபிறகு டாக்டரம்மா வீட்டைப் பற்றிக் கேட்டார். நாய் உண்டா, பூனை உண்டா, செடி, மண்தொட்டி ஏதாவது உண்டா.

"ஒண்ணு ரெண்டு இருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாத அண்ணி" என்றாள் வசந்தா. "டாக்டர், நாப்பத்து மூணு கீது. நான் எண்ணிக்கீறேன்."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் எனக்கு இப்போது இல்லாத மாதிரிதான். மண்ணில் பூஞ்சை இருக்கும். நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு அது மூச்சில் ஏறினால் நுரையீரலில் முளைத்துவிடும். "நீங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாச் செடியும் வெளிய போயிடணும். ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் மண்ணுல கை வைக்கவே கூடாது."

"எவ்ளோ நாள்?"

"எட்டு ஒன்பது மாசம்."

புற்றுநோய்க்கு வராத கண்ணீர் அப்போது வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. உயிரா செடியா என்று கேட்டால் உயிர் என்று சொல்லமாட்டேனா? ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது, நல்லபடியாக எங்கள் வீட்டு மாடிக்குப் போய், ஐந்து விரலையும் மண்ணுக்குள் விட்டு உட்கார்ந்திருப்பது. உயிர் என்றால் எனக்கு அதுவாகத்தான் தோன்றியது.

அறையில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், திறக்க முடியாதது. நாலாவது மாடி. கீழே பின்புறம் ஒருவர் தினமும் குரோட்டன்ஸ் வரிசைக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆடி மாதம் ஒரு மத்தியானம் நல்ல மழை. தரையெல்லாம் செம்மண் கரைந்து ஓடியது கண்ணுக்குத் தெரிந்தது. வாசனை வரவில்லை. ஸ்பிரிட் வாசனைதான். ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ரப்பர் வாசனை வந்தது.

பகல் முழுக்க வசந்தாதான் துணை. எங்கள் இருவருக்கும் அதுவரை பெரிய உறவு ஒன்றும் இல்லை. அண்ணன் பெண்டாட்டி, புருஷன் தங்கை, வருஷத்துக்கு நாலு சண்டை. அவளைத் தலையில் பூ இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. என் அறைக்குள் பூ கூடாது என்றதும், காலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கொண்டையிலிருந்து மல்லிகையை எடுத்து ஹேண்டில்பாரில் சுற்றிவிட்டு வருவாள். சாயங்காலம் போகும்போது வாடிப்போன அதையே எடுத்து வைத்துக்கொண்டு போவாள். பச்சைக் காய், பழம் எதுவும் ஆகாது, சூடாகச் சமைத்ததுதான் சாப்பிட வேண்டும் என்பதால் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் கொண்டுவந்து, நான் குடிக்கும் வரை இடுப்பில் கைவைத்து நிற்பாள். "குடி அண்ணி. நான் பொறந்த ஊட்டுக்கு வந்தா சண்ட போட ஆளு வேணும்" என்பாள்.

என் வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குப் போய், நாலு மணிக்கு மாடியிலிருந்து செடிகளை வீடியோ எடுத்து அனுப்புவார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார். வீடியோவில் பேசமாட்டார். அவர் மூச்சு கேட்கும். ஓரத்தில் பாதி கட்டைவிரல் தெரியும். ஒவ்வொரு ஜாடியாக நின்று நின்று எடுப்பார். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக மற்ற நேரத்தை ஓட்டினேன்.

இரண்டாவது வாரம் ஜுரம் வந்தது. கூடவே மூச்சுத்திணறல். கெட்ட அணுக்கள் திடுதிப்பென்று எல்லாம் ஒன்றாக வளரும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இந்த வைத்தியத்தில் சிலருக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். நாலு நாள் எனக்கு நினைவு விட்டு விட்டுத்தான் இருக்கிறது. ஒருமுறை கண்ணைத் திறந்தபோது வசந்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னொருமுறை என் வீட்டுக்காரர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பயமாகக்கூட இல்லை, வீட்டுக்குப் போகாமலே போகிறோமே என்று ஆற்றாமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் மாஸ்க்கை எடுத்தார்கள். முதலில் தண்ணீர் கேட்டேன். அடுத்து வீடியோ கேட்டேன்.

"போன்ல எடம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் கேட்டால் மழை என்றார். அதற்கு மறுநாள் கேமரா அழுக்காகிவிட்டதாம். பேசாத மனிதர் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும், அவருக்குப் பழக்கம் இல்லை. ஒரு வாரம் கழித்து வீடியோ வந்தது.

ஜாடிகள் என்னுடையவைதான். ஒன்றின் விளிம்பில் நான் ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்த சில்லு இருந்தது. செடிகள்தான் பளபளவென்று, ஒன்றுகூடக் கோணாமல், ஒரே உயரத்தில் நின்றன. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுவதால் என் செடி எல்லாமே வெளிச்சத்தைத் தேடிக் கிழக்கே சாய்ந்துதான் வளரும். அடுக்கு அடுக்காக ரோஜா மாதிரி இலை விடும் ஒன்று கழுத்து நீண்டு, குனிந்து தெருவை எட்டிப்பார்க்கும். அந்த ஜாடியில் இப்போது கழுத்தே இல்லாத, உருண்டையான ஒன்று உட்கார்ந்திருந்தது. மண்ணும் என்னுடையது இல்லை. நர்சரியில் போடும் தேங்காய் நார்த்தூள்.

சாயங்காலம் வந்ததும் என் வீட்டுக்காரர் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார். "நல்லா கீதா கோமு?"

"நல்லா கீது" என்றேன்.

அவர் போனபிறகு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் செடி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அப்போதுதான் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. செடி செத்ததை எனக்குத் தெரியாமல் இவ்வளவு அழகாக மறைக்கத் தெரிந்தவர்கள், என்னைப் பற்றி எதை மறைக்கிறார்கள்? அணுக் கணக்கு ஏறிவருகிறது, ஏறிவருகிறது என்று தினமும் சொல்கிறார்களே, அதுவும் நர்சரியில் வாங்கியதுதானா? வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்வது குணமானதாலா, கைவிட்டதாலா?

மறுநாள் வசந்தா கஞ்சியோடு வந்தபோது குடிக்கமாட்டேன் என்றேன். "செடி செத்துப்போச்சா வசந்தா?"

டம்ளரை மேஜையில் வைத்தாள். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கு என் செடி தெரியாதா."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அத்தினியும் பூட்ச்சு அண்ணி. நாந்தான் காரணம். என்னிய அடி. நீ மூச்சு வாங்கிக்கினு கெடக்கற, டாக்டரம்மா கைய பிசையறாங்க. எங்குளுக்கு இன்னா பண்றதுன்னு தெர்ல. உன் தெருல போயி அயுதேன். அல்லாரும் சேந்து முடிவு பண்ணோம். கோமதி வெச்ச செடி வாடாம கீற வரிக்கும் கோமதிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. பதினெட்டு ஊடு. ஊட்டுக்கு ஒரு சொம்பு, காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

"சொம்பா?"

"வெள்ளிக்கெயம அம்மன் கோயில் தீர்த்தம். மஞ்சத்தண்ணி, வேப்பெலையோட."

"நாப்பத்து மூணுக்குமா?"

"ஒண்ணு உடல" என்றாள், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக. பிறகு முகம் கோணிவிட்டது. "நாலாம் நாளு எலையெல்லாம் கண்ணாடி கணக்கா ஆயி, தொட்டா கையோட வந்துட்ச்சு. கெழவிங்க பயந்துட்டாங்க. இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னாங்க. அப்பறம் ஆஸ்பத்திரிலயே கெடந்த அண்ணன் ஊட்டுக்கு வந்து பாத்துச்சு. ஒண்ணும் பேசல. ரெண்டு நாளு லீவு போட்டு, மின்ன எட்த்த வீடியோவ கைல வெச்சிக்கினு, பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சரி உடாம ஏறி எறங்கி, ஒவ்வொரு ஜாடிக்கும் அதே மாரி செடி தேடி வாங்கியாந்துச்சு. நீ பாத்தா மனசு உட்டுடுவேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிவெள்ளிக்கு மஞ்சள் தண்ணீரில் மிதக்கும் மெழுகுவத்தி ஜாடிகளை நினைத்துப் பார்த்தேன். டிரிப் ஸ்டாண்டு ஆடி, மெஷின் கீச்சிட்டு, சிஸ்டர் ஓடிவரும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். தெருவில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. குப்பைக்குச் சண்டை, தண்ணீர் லாரிக்குச் சண்டை. அவர்கள்தான் இரண்டு வேளை மாடி ஏறி எனக்காக ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் என் செடி மூழ்கிச் செத்திருக்கிறது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"சரி, அது போகட்டும். என் ரிப்போர்ட்டையும் இப்படி மாத்தி வெச்சிருக்கீங்களா?"

வசந்தா வாயில் அடித்துக்கொண்டாள். எழுந்து போய் சிஸ்டரை இழுத்துவந்து, "ரத்தக் கணக்கு எயுதற அட்டைய காட்டு சிஸ்டர். அண்ணி நம்பல" என்றாள். சிஸ்டர் என் கட்டிலில் அந்த அட்டையை வைத்து ஒவ்வொரு நாளாக விரலை வைத்துக் காட்டினார். முதல் பத்து நாளும் இறங்குமுகம். பிறகு தரையிலேயே கிடக்கிறது. பிறகு ஏறுகிறது. ஏறிக்கொண்டே இருக்கிறது. அது சிஸ்டர்களின் வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு பேனா. பொய்யாக எழுத அத்தனை பேர் சேரமுடியாது. கஞ்சியை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. வசந்தா பிடுங்கிக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

"அண்ணங்கிட்ட கேட்டுடாத" என்றாள். "ஒடிஞ்சிபூடும்."

கேட்கவில்லை. தினமும் நாலு மணிக்கு அவர் வாங்கிவைத்த செடிகளைப் பார்த்து, நல்லா கீது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். டாக்டரம்மா சொன்னபடி எல்லா ஜாடியையும் தெருவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை, அப்படிச் சொல்லிவைத்திருந்தாள் வசந்தா. வீடு டெட்டால் நாற்றம். ஜன்னல் கட்டையில் ஜாடி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள், ஒரு தூசுகூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் ஏக்கம் தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் மண் நாலு மாடிக்குக் கீழே இருந்தது. இங்கே பத்தடியில் இருக்கிறது. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குள் இருக்கிறேன். ஒரு மாதம் தினமும் டிரிப் ஏற்றப் போய்வருகிறேன், ஒரு மாதம் சும்மா இருக்கிறேன். கனவில் மண் வருகிறது. வேறெதுவும் வருவதில்லை, மண்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலிருந்து ஒரு மூட்டை வந்தது. நான் வேலைக்குப் போகாத நாட்களிலும் மேனேஜர் ஜாடிகளைக் குப்பைக்குப் போடாமல் சேர்த்துவைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அதிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் கழுவி, வெளியே நடைபாதையில் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, எனக்குப் போன் போட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான்.

"இப்ப இன்னா போடணும்?"

"கல்லு. ஒரு விரக்கடை."

போட்டார். கரி என்றேன், போட்டார். மண் என்றேன். பிடிமண்ணை அள்ளி உள்ளே விட்டார். லேத் பிடித்துத் தடித்துப்போன விரல் ஜாடி வாய்க்குள் நுழையவில்லை. ஆணி பிடுங்குகிறவர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் விட்டு மண்ணை அமுக்கினார். ஒரு சின்னச் செடியை நட்டார். கோணலாக நின்றது. நான் சரி பண்ணச் சொல்லவில்லை.

"கோமு" என்றார் போனில். "மாடில இருந்தது எதுவும் உன்னுது இல்ல. உன் செடி அல்லாம் பூட்ச்சு. நான் வாங்கி வெச்சேன்."

"தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"ஜொரம் விட்டப்பறம் வந்த மொத வீடியோலேந்து."

அவர் போனை வைத்துவிட்டு எழுந்து போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. மூடினார். மறுபடி திறந்தார். மூன்று முறை கழுவினார். சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் அவர் கையை எடுத்து, மாஸ்க்கை இறக்கி, முகர்ந்து பார்த்தேன். உள்ளங்கையை முகர்ந்தேன். நகங்களை முகர்ந்தேன். துளி மண்வாசனை இல்லை. சோப்புதான்.

"கொஞ்சம் கம்மியா கழுவியிருக்கலாம்ல" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "மண்ணு எங்கியும் பூடாது" என்றார். "எனுக்கு நீ வேணும்."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இதை அவர் சொன்னது அதுதான் முதல்முறை. சோப்பு மணக்கும் அந்தக் கையை முகத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்ணைத் தொட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.